காந்தம் ஒட்டாத கல்

கல்லின் மேல் வைத்த காந்தம் சறுக்கிக் கீழே விழுந்தது.

“இது இரும்பே இல்ல ஆன்ட்டி, சும்மா கல்லு!” என்றான் முன் பெஞ்சு வாண்டு. நான்காம் வகுப்பு மொத்தமும் கொல்லென்று சிரித்தது.

நான் சுரங்கத்து ஆய்வகத்தில் தாதுக்கல்லை உடைத்துப் பொடியாக்கித் தரம் பார்ப்பவள். இரும்பு எதிலிருந்து வருகிறதென்று பிள்ளைகளுக்கு வந்து காட்டுங்கள் என்று டீச்சர் அழைத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

என் மகளுக்குத்தான் பிடிக்கவில்லை. மூன்றாவது பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். “நீ என் அம்மான்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாத” என்று காலையில் கெஞ்சியிருந்தாள். எத்தனை முறை துவைத்தாலும் என் சட்டையை விட்டுப் போகாத அந்தத் தாதுப்பொடிச் சிவப்பு அவளுக்கு அவமானம். சுருக்கென்றுதான் இருந்தது. சரியென்று தலையாட்டினேன்.

ஆரம்பம் என்னவோ அமர்க்களம். கல்லைக் கையில் வாங்கிய ஒவ்வொன்றும், அம்மாடியோ என்ன கனம் என்று வாயைப் பிளந்தது. இரும்பில் செய்தது எதெது என்றேன். பெஞ்சுக் கால், ஜன்னல் கம்பி, கத்தரிக்கோல், பஸ் என்று போட்டி போட்டுக்கொண்டு கத்தினார்கள். ரத்தத்திலும் இரும்பு உண்டு என்று சொல்லித் தொலைத்தேன். உடனே ஒருத்தி பக்கத்துப் பெண்ணின் மூக்கில் காந்தத்தை ஒட்டிப் பார்த்தாள்.

அந்தக் காந்தம்தான் இப்போது என் மானத்தை வாங்கியது.

இந்த வகைத் தாதுவில் காந்தம் ஒட்டாது. உலையில் போட்டு இரும்பைப் பிரித்தால்தான் ஒட்டும். வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? டைல்ஸின் சொரசொரப்பான பின்பக்கத்தில் உரசிக் காட்ட வேண்டும். இந்தக் கறுப்புக் கல் செக்கச்செவேலென்று கோடு போடும். இரும்புத் தாதுதானா என்று ஆய்வகத்தில் நாங்கள் முதலில் பார்ப்பதே அந்தக் கோட்டைத்தான்.

பையைத் துழாவினேன். நேற்றே எடுத்து வைத்த டைல்ஸ் துண்டைக் காணோம்.

“ஆன்ட்டி கதை விடுறாங்கடா!” அதே வாண்டு.

எனக்குக் கண்ணைக் கரித்துக்கொண்டு வந்தது. டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார்.

மூன்றாவது பெஞ்சு கிறீச்சிட்டது. மகள் எழுந்தாள். தன் புத்தகப் பைக்குள் கையை விட்டு, நோட்டுகளுக்கு அடியிலிருந்து அந்த டைல்ஸ் துண்டை எடுத்தாள்.

அடிப்பாவி! என் பையிலிருந்து எப்போது எடுத்து ஒளித்தாள்? திட்டுவதா, கட்டிக்கொள்வதா என்றே எனக்குத் தெரியவில்லை.

அவள் என்னைப் பார்க்கவில்லை. நேராக முன்னால் வந்து, கல்லை வாங்கி, டைல்ஸில் அழுத்தி ஒரே இழுப்பு இழுத்தாள். சிவப்புக் கோடு விழுந்தது. பின் பெஞ்சுப் பிள்ளைகள் எட்டிப் பார்க்க எழுந்து நின்றார்கள்.

“எங்கம்மா ஒண்ணும் கதை விடல,” என்றாள் அந்த வாண்டிடம்.

பிறகு, பொடி ஒட்டிய விரலைத் தன் வெள்ளைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டாள். அந்தக் கறை போகாது என்று அவளுக்குத் தெரியும்.