வெயில் படக்கூடாது

வலது முன்கையைக் கிள்ளிப் பார்த்தார்.

ஒன்றும் இல்லை.

இன்னும் அழுத்திக் கிள்ளினார். யாரோ ஒருவருடைய கையைக் கிள்ளுவது போலிருந்தது.

முழங்கை மடிப்புக்குக் கீழே வெள்ளைக் களிம்பு. அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள். முக்கால் மணி நேரம் அசையாமல் இருக்கச் சொல்லியிருந்தார்கள். அவர் அசையவில்லை. அசையாமல் உட்காருவது அவருக்குப் புதிதல்ல.

களிம்புக்கு அடியில் பச்சை குத்திய ஆறு எழுத்துகள் இருந்தன.

சென்ற முறை லேசர் போட்டதில் அவை கறுப்பிலிருந்து சாம்பலுக்கு இறங்கியிருந்தன. ஆனாலும் படிக்க முடிந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த எவனும் படித்துவிடுவான்.

எதிர்ச் சுவரில் ஒரு பெண்ணின் படம். மருவில்லாத, தழும்பில்லாத முகம். யாருடைய மகளோ.

ஆவணியில் அவருடைய மகள் வேறு சாதிப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். மறுநாள் காலையில் அவர் ஊருணிக்குப் போய்த் தலைமுழுகினார். கரையில் ஊரே நின்றது. முங்கினார், எழுந்தார், துவட்டிக்கொண்டார். தண்ணீர் குளிர்ந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அன்றிலிருந்து முழுக்கைச் சட்டை. புரட்டாசிப் புழுக்கத்திலும் பொத்தான் கழன்றதில்லை.

ஆனால் வைகாசியில் திருவிழா.

நான்கு தலைமுறையாக முதல் மரியாதை அவர்கள் வீட்டுக்கு. சந்நிதியில் சட்டையில்லாமல் நிற்கவேண்டும். தலையில் பரிவட்டம் கட்டுவார்கள். இரண்டு கையையும் மலர்த்தி நீட்டித் தட்டை வாங்கவேண்டும். ஊர் பார்க்கும்.

பங்காளி சோலையப்பன் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்றே கேட்டான்.

"மகளே இல்லைங்குறீக. கையில மட்டும் எழுதி வச்சிருக்கீகளேண்ணே? இதோட எப்படிப் பரிவட்டம் கட்டுறது?"

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை.

அடுத்த வாரமே மதுரைக்குப் பஸ் ஏறினார்.

கதவு திறந்தது. லேசர் போடுகிற பெண் வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். தாளை உரித்துக் களிம்பைத் துடைத்தாள்.

"மரத்திருக்கா சார்?"

"ம்."

அவள் விளக்கைக் கைக்கு நேரே திருப்பினாள். எழுத்துகளின் மேல் குனிந்தாள்.

"கயற்கண்ணி. நல்ல பேரு. யாரு சார் இவங்க?"

"செத்துப்போனவ."

அவள் கை நின்றது.

"செத்தவங்க பேரைக் குத்திக்கிட்டுத்தான் சார் அலைவாங்க. அழிக்கணும்னு இதுவரைக்கும் எங்கிட்ட யாரும் வந்ததில்ல."

அவர் முதுகை இன்னும் நிமிர்த்திக்கொண்டார்.

"நீ போடும்மா."

கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டாள். எல்லாம் இருண்டது. பிறகு சத்தம் மட்டும். வாணலியில் கடுகு வெடிப்பது போல, விட்டு விட்டு. முடி பொசுங்கும் வாடை.

"வலிக்குதா சார்?"

"இல்ல."

உண்மைதான். வலிக்கவில்லை.

இதே கையில் இந்தப் பெயர் ஏறியபோது வலித்தது. குழந்தைக்கு அன்று நாற்பது நாள். சந்தையில் பச்சை குத்துகிறவள் அவர் காட்டிய இடத்தைப் பார்த்துவிட்டு, "ஆம்பளைக்குத் தோள்லதானய்யா குத்துவாக" என்றாள்.

அவர் கேட்கவில்லை. ஏந்தும்போது பிள்ளையின் தலை இருந்தது அந்த முழங்கை மடிப்பில்தான்.

ஊசி இறங்க இறங்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் காட்டவில்லை.

சத்தம் நின்றது.

"முடிஞ்சுது சார்."

கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கையைப் பார்த்தார்.

சாம்பல் நிறம் போயிருந்தது. அந்த இடத்தில் எழுத்துகள் வெள்ளை வெளேரென்று புடைத்து எழுந்திருந்தன. க. ய. ற். ஒவ்வொன்றும் தனித்தனியாக. குத்திய அன்றுகூட இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பயப்படாதீங்க சார். லேசர் பட்டதும் அப்படித்தான் வெளுத்து எழும்பும். கால் மணி நேரத்துல அடங்கிடும். வைகாசிக்குள்ள இன்னும் ரெண்டு தடவை போட்டா ஒண்ணும் தெரியாது."



அவள் மருந்து தடவி, துணி வைத்துக் கட்டினாள். கட்டிக்கொண்டே சொன்னாள்.

"நனையக்கூடாது சார். எதுலயும் இடிச்சுக்கக்கூடாது. முக்கியமா வெயில் படக்கூடாது. காலையில ஒரு வேளை, ராத்திரி ஒரு வேளை இந்த மருந்த மேல தடவுங்க. அழுத்தித் தேய்க்காதீங்க. பூ மாதிரி, மெதுவா."

"ம்."

சட்டைக் கை கட்டின் மேல் இறங்கவில்லை. மடித்த மடிப்போடு விட்டுவிட்டு எழுந்தார்.

வெளியே மாசி மாதத்து நண்பகல். தார் ரோட்டில் கண் கூசியது. பஸ் நிறுத்தம் எதிர்ப்பக்கம் இருந்தது. கடை வாசலில் இரண்டு பேர் அவரைப் பார்த்தார்கள். யாரென்று தெரியவில்லை.

கையை மடக்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

தோளிலிருந்த துண்டை எடுத்து, முழங்கை மடிப்பு மறையும்படி மேலே போர்த்தினார். ஓரம் சரிந்தது. இழுத்துவிட்டார்.

ரோட்டைக் கடந்தார். அலுங்காமல், ஒவ்வொரு அடியாக.