பச்சை ஸ்வெட்டர்க்காரி

“அந்தத் தொண்ணூத்தாறு சதவீதம்கிற கணக்கு எப்படிம்மா வந்துச்சு?”

பச்சை ஸ்வெட்டர் போட்ட அந்தப் பெண்மணி மறுபடியும் ஆரம்பித்துவிட்டாள். கூட்டத்தில் இரண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள்.

டாரலுக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. ஒஹாயோவில் இருக்கும் அந்தச் சின்னக் கல்லூரியைச் சுற்றிப் பார்க்க, மகள் மேசியைக் கூட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருந்தார். வீடுகளுக்குக் கூரை போடுவது அவர் தொழில். அவர் குடும்பத்தில் கல்லூரிக்குப் போகிற முதல் ஆள் மேசிதான். அந்தப் பெருமையில், இருப்பதிலேயே நல்ல சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

சுற்றிக் காட்டியவள் பிரின், மூன்றாம் ஆண்டு நர்சிங் மாணவி. கூட்டத்தைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்துகொண்டு, சிரித்த முகம் மாறாமல் சொல்லிக்கொண்டு வந்தாள். பாறை ஏறிப் பழக ஒரு சுவர், எந்நேரமும் திறந்திருக்கும் நூலகம், படித்து முடித்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேருக்கு வேலை.

அதற்குத்தான் அந்தக் கேள்வி.

“முடிச்சவங்களுக்குக் கடிதம் அனுப்புவாங்க மேடம். அதுக்குப் பதில் போட்டவங்களை மட்டும் வச்சு எடுத்த கணக்கு,” என்றாள் பிரின். “பாதிப் பேருக்கு மேல பதிலே போடலை.”

“காபிக் கடையில வேலை பார்த்தா?”

“அதுவும் சேர்த்திதான்.”

கூட்டம் அடுத்த கட்டடத்துக்கு நகர்ந்தது.

சாப்பாட்டுக் கூடத்தில் ஆளுக்கொரு டோனட்டும், கல்லூரி பெயர் போட்ட டி-ஷர்ட்டும் கொடுத்தார்கள். டாரல் டி-ஷர்ட்டை மேசியின் தோளில் வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தபோது அடுத்த கேள்வி வந்தது.

“எல்லாருக்கும் ஸ்காலர்ஷிப்னு போஸ்டர்ல போட்டிருக்கே. நாலு வருஷமும் வருமா?”

“மார்க் குறைஞ்சா நின்னுடும் மேடம். போன வருஷம் மூணுல ஒருத்தருக்கு நின்னுடுச்சு.”

டாரலின் கை அப்படியே நின்றது. மேசிக்கு ஸ்காலர்ஷிப் உண்டு என்று கல்லூரி அனுப்பிய கடிதத்தை அவர் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டியிருந்தார். அதில் இப்படி ஒரு வரி கண்ணில் பட்டதாக நினைவில்லை.

“சுத்திப் பார்க்க வந்த இடத்துல கோர்ட்டு நடத்துது இந்தம்மா,” என்று பக்கத்தில் நின்றவர் முணுமுணுத்தார். “பாவம், அந்தப் பொண்ணு.”

டாரல் தலையாட்டினார். ஆனால் பிரின் சொன்ன ஒவ்வொரு பதிலையும் மனசுக்குள் குறித்துக்கொண்டார். இப்படியெல்லாம் கேட்கலாம் என்பதே அதுவரை அவருக்குத் தெரியாது.

நர்சிங் கட்டடத்துக்குள் நுழைந்ததும், பச்சை ஸ்வெட்டர்க்காரி வாயைத் திறப்பதற்குள் வேறொரு கை உயர்ந்தது. மேசியின் கை. வீட்டுக்கு விருந்தாளி வந்தாலே மாடிக்கு ஓடிவிடுகிற பெண் அவள்.

“இங்க நர்சிங் முடிச்சவங்கள்ல எத்தனை பேர் லைசென்ஸ் பரீட்சை பாஸ் பண்ணாங்க? பதில் போட்டவங்களை மட்டும் இல்லை, எல்லாரையும் சேர்த்துச் சொல்லுங்க.”

டாரல் மகளைத் திரும்பிப் பார்த்தார். அவர் முதுகு தானாக நிமிர்ந்தது.

பின்பக்கமாக நடந்துகொண்டே இருந்த பிரின் அப்போதுதான் நின்றாள்.

“முப்பத்திரண்டு பேர் எழுதினாங்க. முப்பத்தொரு பேர் முதல் தடவையே பாஸ். மிச்சம் ஒருத்தர், ரெண்டாவது தடவை. நான் முதல் வருஷம் கெமிஸ்ட்ரில ஃபெயில். எங்க டீச்சர் வாரத்துல மூணு நாள் சாயங்காலம் உட்கார வச்சுச் சொல்லிக் கொடுத்து என்னை மேல கொண்டு வந்தாங்க. சுவர் ஏறுறதைப் படம் பிடிச்சுப் போடறாங்க, இதைப் போட மாட்டேங்கறாங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். பச்சை ஸ்வெட்டர்க்காரிகூட அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

“அப்பா, எனக்கு இங்கதான்,” என்றாள் மேசி. “மார்க் குறையாம நான் பார்த்துக்கறேன்.”

“எல்லாம் தெரிஞ்சுக்கிட்டுத்தானே சொல்ற? அப்ப சரி.”

வண்டிக்குப் போகும் முன் டாரல் பிரினிடம் வந்தார்.

“அந்தம்மா கேட்டதை மனசுல வச்சுக்காதம்மா. எங்களுக்குக் கேட்கத் தெரியலை, அவங்க கேட்டது நல்லதாப் போச்சு. அதுக்காக உன்னை அந்த வறுவல் வறுத்திருக்க வேண்டாம்.”

பிரின் வாசல் பக்கம் பார்த்தாள். அங்கே பெஞ்சில் அந்தப் பெண்மணி உட்கார்ந்து, ஷூவைக் கழற்றிவிட்டுப் பாதத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

“என்னைச் சேர்க்க வந்தப்ப எங்க வீட்டுலயும் யாருக்கும் கேட்கத் தெரியலை சார். ரெண்டாவது வருஷமே எனக்கு ஸ்காலர்ஷிப் நின்னு போச்சு. இதையெல்லாம் நாங்களா சொல்லக் கூடாதுன்னு ஆபீஸ்ல உத்தரவு. யாராவது கேட்டா மட்டும் உள்ளதைச் சொல்லலாம்.”

“யாரும் கேட்கலைன்னா?”

பிரினின் முகம் மலர்ந்தது.

“அதுக்குத்தான் சார், வாரம் பூரா ஸ்கூல் பஸ் ஓட்டிட்டு, சனிக்கிழமை தவறாம எங்கம்மா வந்து கேட்கறாங்க.”