மழை போட்ட மார்க்

துருப்பிடித்த தகட்டைப் பார்த்ததும் பேராசிரியர் ராஜாங்கத்துக்கு வாயெல்லாம் பல். விரலால் தேய்த்தார். செம்பொடி உதிர்ந்தது. பல் இன்னும் இரண்டு கூடுதலாகத் தெரிந்தது.

“ரொம்ப நல்லா துருப்பிடிச்சிருக்கு கொளஞ்சியப்பன். இன்னொண்ண எடுங்க, பாப்போம்.”

கொளஞ்சியப்பன் கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குப் பக்கத்து ஊரில் குடிநீர் டேங்க் ஆபரேட்டர். விடியற்காலை பஸ் பிடித்துக் கள்ளக்குறிச்சி கல்லூரிக்கு வந்திருந்தார். பையிலிருந்து இரண்டாவது தகட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். அது முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளத்தது.

எதிரே நின்றிருந்த ஆய்வு மாணவி ஜெபீனா, அதன் ஓரங்களையே திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

சங்கதி இதுதான். இரும்பைத் துருவிடமிருந்து காப்பாற்ற ராஜாங்கம் ஒரு நானோ பூச்சு கண்டுபிடித்திருந்தார். பூச்சு கண்ணுக்கே தெரியாத கனம்; அதைப் பற்றி அவருக்கிருந்த பெருமை மட்டும் நன்றாகவே தெரியும். அவரிடம் பிஎச்.டி. செய்ய வந்த ஜெபீனா, அந்தப் பூச்சையும் இரும்பையும் மழைத்தண்ணீரையும் அணு அணுவாகக் கம்ப்யூட்டருக்குள் கட்டி, மோதவிட்டுப் பார்த்தாள். மூன்று வருஷ வேலை. கம்ப்யூட்டருக்கு மரியாதை தெரியாது. பூச்சு ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது, ஓரத்தில் வெடிக்கும், தண்ணீர் உள்ளே இறங்கும் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டது.

இவளும் சும்மா இருக்காமல், அதை அப்படியே ஆய்வேட்டில் எழுதிக் கைடிடமே கையெழுத்துக்கு நீட்டினாள்.

“கம்ப்யூட்டர்ல மழ பேயுமா? நெஜ மழையில வச்சிப் பாத்துடலாம்,” என்றார் ராஜாங்கம்.

பூச்சு பூசியது ஒன்று, பூசாதது ஒன்று. இரண்டு தகடுகளும் ஆடி மாதம் மலையேறின. தொட்டிக்குப் பக்கத்தில் வெட்டவெளியில் இடம் பார்த்து வைத்தது ராஜாங்கமேதான். கிளம்பும்போது பூச்சுத் தகட்டைத் தட்டிக் காட்டி, இது தன் பதினோரு வருஷ உழைப்பு என்று கொளஞ்சியப்பனுக்கு அரை மணி நேரம் வகுப்பும் எடுத்தார். அவரும் கைகட்டிக் கேட்டுக்கொண்டார்.

பூச்சு கெட்டால் ஜெபீனாவின் ஆய்வேட்டில் கையெழுத்து. பூச்சு பிழைத்தால், தன் கணக்கு தப்பு என்று அவள் எழுதிக் கொடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். உதவித்தொகை மார்ச்சோடு முடிகிறது. ரம்ஜானுக்குள் மகள் டாக்டர் ஆகிவிடுவாள் என்று அவளுடைய அத்தா சாதுல்லா, கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

இப்போது தை பிறந்தாயிற்று. தகடுகள் இறங்கி வந்துவிட்டன.

“மழ எப்பிடி?” ராஜாங்கம் கேட்டார்.

“ஐப்பசியில புடிச்சது சார், வுடவே இல்ல. நாலு நாளு பஸ்ஸே மேல வர்ல.”

ராஜாங்கம் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு பளபளத்த தகட்டின் மேல் கவிழ்ந்தார். ஒரு புள்ளி இல்லை, ஒரு வெடிப்பு இல்லை. மேல் மூலையில் மட்டும் சிவப்பாக ஒரு பொட்டு.

“இது இன்னாது?”

கொளஞ்சியப்பன் நெளிந்தார். “ஆயுத பூசைக்கு மோட்டாருக்குக் குங்குமம் வெச்சன் சார். அப்பிடியே இதுக்கும் ஒண்ணு. தப்புங்களா?”

“தப்பா? நல்லாப் பாரு ஜெபீனா. இத்தன மழைக்கும் குங்குமம்கூடக் கலையல. பூச்சு அதையும் சேத்து இழுத்துப் புடிச்சிருக்கு. இத உன் கம்ப்யூட்டர் சொல்லுச்சா?”

“இல்ல சார். ஆனா ஓரமாச்சும் கொஞ்சம் மங்கியிருக்கணும். எத்தன தடவ ஓட்டினாலும் அதே பதில்தான் சார் வந்துச்சு.”

“அப்ப அத்தன தடவையும் தப்பு. ஒரே மழ, ஒரே எடம். பூசாதது செத்துப்போச்சு, பூசினது மின்னுது. இதுக்கு மேல இன்னா வேணும் ஒனக்கு? மழ பொய் சொல்லாதும்மா.”

வெள்ளைத்தாளை நகர்த்தி வைத்தார். ஜெபீனா எழுதினாள். என் கணினிக் கணக்கு களச் சோதனையில் பொய்த்துவிட்டது. மூன்றாம், நான்காம் அத்தியாயங்களைத் திரும்பப் பெறுகிறேன். கையெழுத்துப் போடும்போது கண் மங்கி, பேனா வரியை விட்டு இறங்கிவிட்டது. அவளுக்கு அவர்மேல்கூட அவ்வளவு கோபம் இல்லை. ராத்திரி பகலாக உட்காரவைத்து ஏமாற்றிய கம்ப்யூட்டர்மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ராஜாங்கம் தாளை வாங்கி இரண்டு தரம் படித்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு பீரோவைத் திறந்து, எந்த விழாவிலோ யாரோ தனக்குப் போர்த்திய பொன்னாடையை எடுத்து உதறி, கொளஞ்சியப்பன் தோளில் போட்டார். போட்டோவும் எடுத்துக்கொண்டார். அந்தச் சூட்டோடு யாரோ நிருபருக்குப் போன் போட்டு, “மலையில நிரூபிச்சாச்சுங்க, நாளைக்கே போட்டுடுங்க,” என்று பேசிக்கொண்டே வராந்தாவுக்குப் போனார்.

அறையில் இருவர்தான் மிச்சம். கொளஞ்சியப்பனுக்குப் பொன்னாடையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. துருப்பிடித்த தகட்டைப் பார்த்தார். துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த ஜெபீனாவைப் பார்த்தார். அவருக்கு மனசு கேட்கவில்லை.

“அழுவாதீங்க பாப்பா, எல்லாம் என் தப்புதான். மொத மழையிலியே சாரோட தகட்ட வூட்டுக்குள்ள எடுத்து வெச்ச மாதிரி, இதயும் வெச்சிருக்கணும்.”