பித்தளைக் கோதுகள்

கொதிதண்ணீர் பட்டதும் கோதுகளுக்குள்ளிருந்து கூழ்முட்டை நாற்றம் எழும்பியது.

யன்னலைத் திறந்துவிட்டேன். தொட்டித் தண்ணீர் மை கரைத்ததுபோல் கறுத்தது.

அன்று காலை பாபகூராப் பக்கத்துச் சுடுதளத்தில், பழந்துப்பாக்கிகளை விளையாட்டுக்குச் சுடுகிறவர்கள் சுட்டுமுடித்த வெற்றுத் தோட்டாக் கோதுகள் அவை. கரிமருந்து நிரப்பிச் சுடுகிற பழைய ரகம். சுட்ட அன்றே கழுவாவிட்டால் உள்ளே படிந்த கரி பித்தளையைத் தின்றுவிடும்.

அப்பா சனிக்கிழமைகளில் அங்கே குறிப்பலகை நடுகிறவர். கோதுகளின் சொந்தக்காரர் கிரஹாம், ஒனிஹங்காவில் கடைசல் பட்டறை வைத்திருப்பவர். விரல் மூட்டுகள் வீங்கிவிட்டதால் இனித் தன்னால் கழுவ முடியாது, நீ கழுவித் தா, கை பதமான கையென்றால் திங்கட்கிழமையே பட்டறைக்கு வேலைக்கு வா என்று அப்பாவிடம் சொல்லியிருந்தார். இந்த அளவுக் கோது இப்போது கடைகளில் இல்லையாம். மேலே கீறல் விழுந்தால் திரும்ப நிரப்ப உதவாதாம்.

அம்மா துப்புரவு செய்கிற நகரத்து மாடிகளில், நிலத்தடி மின்கம்பிகள் பழுதாகி, கிழமைக்கணக்காக மின்சாரம் இல்லை. மின்சாரம் வந்தபிறகு வரச்சொல்லி அனுப்பிவிட்டார்கள். எங்களுக்கு அந்தத் திங்கட்கிழமையை விட்டால் வேறொன்றும் இல்லை.

கோதுகள் ஊறிய போத்தலை அப்பா என்னிடம் தந்தார். பள்ளிக்கூடத்தை விட்டபின் பகலில் வீட்டில் இருப்பவள் நான்தான். அம்மா உடுப்புத் தோய்க்கிற லோண்டறிகளில் வேலை கேட்கப் போயிருந்தார். அவர் வருமுன் கழுவித் துடைத்து மூடிவைக்கவேண்டும் என்றார் அப்பா.

ஏன் என்று நான் கேட்கவில்லை. ஊரில், கோப்பாயில், எங்கள் வீட்டுத் தட்டில் இப்படி ஒரு வெற்றுக் கோது இருந்ததற்காகத்தான் என் அண்ணா பாஸ்கரனை ஆமிக்காரர் கொண்டுபோனார்கள். அப்போது நான் சின்னப்பிள்ளை. அண்ணா திரும்பி வரவில்லை.

குச்சியில் துணி சுற்றி ஒவ்வொன்றின் உள்ளும் விட்டுத் திருகினேன். கரி போனது. ஆனால் வெளியே புகைக்கறை அப்படியே இருந்தது. கிரஹாமுக்கு இது போதுமோ தெரியவில்லை.

குசினியில் புளி இருந்தது. உப்பும் சேர்த்து, விளக்குத் தேய்ப்பதுபோல் விரலாலேயே தேய்த்தேன். கழுவ, பொன்னாக வந்தது.

பின்வளவில் துவாய் விரித்து வெயிலில் நிரையாக வைத்தேன்.

அப்பா வந்து பார்த்தார். சந்தோசப்படுவார் என்று நினைத்தேன். தெருப்பக்கம் திரும்பிப் பார்த்தார். காய்ந்ததும் மூடு என்று மட்டும் சொல்லிவிட்டு, கிரஹாமுக்குத் தேத்தண்ணி கொடுக்கப் பால் வாங்க மூலை டெயறிக் கடைக்குப் போனார்.

அவர் போன வழியால் அம்மா வந்தார். எங்கேயும் வேலை இல்லை என்பது நடையிலேயே தெரிந்தது.

துவாயைக் கண்டதும் நின்றார். கத்தவில்லை. அழவுமில்லை.

ஒரு கோதை எடுத்து மூக்கருகே பிடித்தார். பிறகு தக்காளிப் பாத்திக்குப் பக்கத்தில் குந்தி, ஈரமண்ணை அள்ளி அதன்மேல் வைத்துத் தேய்க்கத் தொடங்கினார். அந்த மண் முழுக்கப் பொடிக்கல். பித்தளை கரகரத்தது.

அம்மா, இது வெள்ளைக்காரருடையது, அப்பாவின் வேலை இதில்தான் இருக்கிறது என்றேன். கையைப் பிடித்தேன். அவர் என்னை உதறவில்லை. என் கையோடு சேர்த்தே தேய்த்தார்.

"மினுங்கக்கூடாது, பிள்ளை."

கடைசிக் கோதையும் மண்ணாக்கிய பிறகுதான் நிறுத்தினார்.

கிரஹாமின் வான் வந்து நின்றபோது அப்பாவும் பால் போத்தலோடு வந்துவிட்டார். இருவரும் ஒன்றாகத்தான் பின்வளவுக்குள் நுழைந்தார்கள்.

கிரஹாம் குனிந்து ஒன்றை எடுத்தார். மண்ணை ஊதினார். வெயிலில் திருப்பித் திருப்பிக் கீறல்களைப் பார்த்தார். இது யாருடைய வேலை என்று கேட்டார்.

இங்கிலிசில் சொல்ல எனக்குத் தெரியும். நான் அம்மாவின் மண் கைகளைப் பார்த்தேன்.

அம்மா வாயைத் திறந்தார்.

அதற்குள் அப்பா தன் உடைந்த இங்கிலிசில் நான்தான் என்றார். இன்னும் மினுக்கலாம் என்று மண் போட்டேன், பிழைத்துவிட்டது, மன்னியுங்கள் என்றார்.

கிரஹாம் கோபப்படவில்லை. கோதுகளை ஒவ்வொன்றாக, குஞ்சுகளை எடுப்பதுபோல் எடுத்துப் பெட்டியில் வைத்தார். வீங்கிய விரல்களுக்கு அது நெடுநேரம் பிடித்தது. அப்பா உதவப் போனபோது வேண்டாமென்று தலையாட்டினார்.

படலையடியில் அப்பா திங்கட்கிழமையைப் பற்றிக் கேட்டார். போன் எடுத்துச் சொல்வதாகச் சொன்னார் கிரஹாம்.

எங்கள் வீட்டில் போன் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

அப்பா திரும்பி வந்தபோது அம்மா குந்திய இடத்திலேயே இருந்தார். அப்பா அவரை ஏசவில்லை. கழுவிவிட்டு உள்ளே வரச் சொன்னார்.

அம்மா எழும்பவில்லை.

"மினுக்கினது ஆரெண்டு ஆமி கேக்க, பாஸ்கரனும் உப்பிடித்தான், தானெண்டு சொன்னவன். விளக்கோட சேத்துப் புளிபோட்டு மினுக்கினது நானப்பா."

கறுத்துப்போய்க் கிடந்திருந்தால் பொடியன் றோட்டில் பொறுக்கியது என்று விட்டிருப்பார்களாம். மினுக்கிய கோது திரும்ப வெடிமருந்து நிரப்பத்தான் என்றார்களாம். இதையெல்லாம் அம்மா மண்ணைப் பார்த்தபடி சொன்னார்.

அப்பாவின் கையில் பால் போத்தல் இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாதவர்போல் நின்றார்.

அண்ணாவின் பேச்சு வரும்போதெல்லாம், வலியப் போய்த் தலையைக் கொடுத்த விசரன் என்று அப்பா ஏசுவார். உடனே அம்மா எழும்பிக் குசினிக்குள் போய்விடுவார்.

அண்ணாவை ஏசுவது பொறுக்காமல்தான் போகிறார் என்று அன்றுவரை நினைத்திருந்தேன்.