கிணற்றுத் தண்ணீர்க் கறை

பரீதா மூன்றாவது தடவையாக வினாகிரிக் காடியை ஊற்றிக் கழிவறைக் கொமட்டைத் தேய்த்தாள். கிணற்றுத் தண்ணீரின் மஞ்சள் கறை அசையவில்லை.

"விடு பரீதா, அவங்க பொண்ணு பாக்கத்தானே வாறாங்க," என்றார் கணவர் றஹ்மான்.

"கலியாணம் முடிச்சா மாப்பிள்ளை இருக்கப்போறது இந்த வீட்டிலதானே! அவர்ட உம்மா முதல்ல வீட்டத்தான் பார்ப்பாங்க."

அப்படியே நடந்தது. மாப்பிள்ளையின் உம்மா தேத்தண்ணியைக்கூடத் தொடாமல் கழிவறைக்குள் போனார். பத்து நிமிடமாகியும் வெளியே வரவில்லை.

"சம்பந்தம் போச்சு," என்று பரீதா கையைப் பிசைந்தாள்.

கதவு திறந்தது. வந்தவரின் சட்டைக் கை முழங்கை வரை நனைந்திருந்தது.

"கறையக் கண்டதும் சும்மா இருக்க ஏலாமப் போச்சு, மதினி. பாதி போயிட்டு. மிச்சத்த மகன் வந்து தேய்ப்பான். எங்கட வீட்டில அது அவன்ட வேலைதான்."