நூற்று எழுபத்தைந்து டிகிரி

மூன்றாவது முறையும் ஃபெயில்.

அவள் வடிவமைத்த வோல்டேஜ் ரெகுலேட்டர் போர்டைச் சூட்டுப் பெட்டியிலிருந்து இடுக்கியால் எடுத்து மேஜையில் வைத்தார் சோதனைக்காரர். ஆபீஸில் அவருக்குச் 'சூளை' என்று பெயர். கையில் அகப்பட்ட எதையும் வேகவைக்காமல் விடமாட்டார்.

கண்ணாடி உருக்கும் உலைக்கு மேலே மாட்டப்போகிற போர்டு அது. கரண்ட் ஏறினாலும் இறங்கினாலும், எவ்வளவு சூட்டிலும், அபாய மணிக்கு ஒரே சீராக ஐந்து வோல்ட் கொடுக்க வேண்டும். சூளையின் பெட்டிக்குள் அது மூன்றுக்கு இறங்கியிருந்தது.

அவளுக்கு அழுகை முட்டியது. வேலைக்குச் சேர்ந்து ஆறாவது மாதம். இது சரியாக வந்தால்தான் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அப்போதுதான் பெட்டியின் முகப்பைக் கவனித்தாள். 175.

"சார், கஸ்டமர் கேட்டது நூத்தம்பதுதானே?"

"பேப்பர்ல நூத்தம்பதுதான். உலை பேப்பர் படிக்காது, மேடம்."

நேராக மேனேஜர் அறைக்குப் போனாள். வேண்டுமென்றே காலை வாருகிறார், புதுசு என்றால் இளக்காரம் என்று கொட்டித் தீர்த்தாள். மேனேஜர் சூளையைக் கூப்பிட்டு நாலு பேர் முன்னால் வாங்கு வாங்கென்று வாங்கினார். மனிதர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். ஆனால் சூட்டை மட்டும் குறைக்க மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றுவிட்டார்.

வேறு வழியில்லை. அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டே, ரெகுலேட்டர் சிப்பைப் பீங்கான் உறை போட்டதாக மாற்றினாள். கெப்பாசிட்டர்களையும் மாற்றினாள். நான்காவது முறை பாஸ். சரக்கு போய்ச் சேர்ந்தது. நிரந்தரம் பற்றி மட்டும் மேனேஜர் வாயே திறக்கவில்லை. சூளையோடு அவள் பேச்சை நிறுத்திவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து, மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். உள்ளே கண்ணாடி ஆலையின் உலை மேஸ்திரி உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து கைகூப்பினார்.

போன வாரம் உலைக்குக் காற்று அடிக்கும் ஃபேன் நின்றுபோனதாம். மேலே சூடு நூற்று எழுபதைத் தாண்டிவிட்டதாம். மற்ற கருவிகள் எல்லாம் கருகிவிட, அவள் போர்டு போட்ட மணி மட்டும் விடாமல் அடித்திருக்கிறது.

"ஆறு பேர் வெளிய ஓடி வந்தோம்மா. கூடுதல் சூட்டுல சோதிக்கணும்னு அடம்பிடிச்சது நீங்கதானாமே? நல்லா இருக்கணும் நீங்க."

"யார் சொன்னாங்க?"

சரக்கோடு போன சோதனைத் தாளை நீட்டினார். முதல் சோதனையின் தேதிக்கு நேரே சூளையின் கோழிக்கிறுக்கல்: 'வடிவமைத்தவர் கேட்டுக்கொண்டபடி 175.'

மேனேஜர் முகமெல்லாம் பல்லாக அவளுடைய நிரந்தர உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

அவள் சோதனை அறைக்கு ஓடினாள்.

"ஆறு உயிர், சார். எல்லாம் உங்களால. நான் கேட்டதா எதுக்கு எழுதினீங்க?"

"கூட சூடு வச்சது நான். ஃபெயிலானா உங்க வேலைக்கு வினையா வரக்கூடாதில்ல? நீங்களே கேட்டதுன்னா யாரும் குறை சொல்ல முடியாது."

"அப்புறம் நான் உங்க மேலேயே புகார் சொன்னேனே. அப்பவாவது அந்த வரியை அடிச்சிருக்கலாமே, சார்?"

சூளை அடுத்த போர்டைப் பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்.

"அடிச்சா தாள் அசிங்கமாயிடும், மேடம்."