பத்து நிமிட அழுகை

அடுத்த வீட்டுப் பெரியவர் இன்றைக்கும் மாடிப்படிப் புகார்ப் பெட்டியில் ஒரு கடிதத்தைப் போடுவதைக் கதவிடுக்கு வழியே பார்த்தாள் அவள்.

பதினாலாவது கடிதம்!

"இந்தக் கிழத்துக்கு வேற வேலையே இல்ல. வாய் அடைச்சுப் போக!" என்று முணுமுணுத்தபடி, இடுப்பிலிருந்த குழந்தையின் வாயில் விரலைக் கொடுத்தாள். நறுக்கென்று கடித்தது.

ஒருவர் நாளொன்றுக்குப் பத்து நிமிடம்தான் அழலாம் என்பது சட்டம். மீறினால் பெரியவர்களுக்கு ஒரு வாரம் வாயில் பிளாஸ்திரி. குழந்தை என்றால் அமைதிக் காப்பகம். அங்கே போய்த் திரும்பிய கீழ்வீட்டுக் குழந்தை, இப்போது தும்முவதற்குக்கூடக் கைதூக்கி அனுமதி கேட்கிறது.

இவள் குழந்தைக்குப் பத்து நிமிடம் எந்த மூலைக்கு? நேற்று மட்டும் நாற்பது.

மதியம் கதவு தட்டப்பட்டது. அழுகை ஆய்வாளர்! கையில் தடித்த ஃபைல், கழுத்தில் தொங்கும் கடிகாரம்.

"இந்த மாடியிலேர்ந்து பதினாலு லெட்டர் வந்திருக்கும்மா."

அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"வேணும்னு அழல சார். பல் முளைக்குது..."

வாய் தவறி வந்துவிட்டது.

"யாருக்கு?"

"எனக்குத்தான்!"

அடுத்த வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு பெரியவர் நின்றார். வாயில் மொத்தமே மூன்று பல்.

ஆய்வாளர் ஃபைலைப் புரட்டி உரக்கப் படித்தார். "'நேற்று நாற்பது நிமிடம் சுவர் அதிர அழுதது நானே. பக்கத்து வீட்டுக் குழந்தை அப்போது அயர்ந்து தூங்கியது.' பதினாலும் இதே பாட்டுதான். இந்த வயசுலயா பெரியவரே?"

"வயசு பாத்தா சார் பல்லு வருது?"

"எங்க, அழுது காட்டுங்க."

பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ங்ங்ஙா...!" என்று வீறிட்டார். குழந்தை கைகொட்டிச் சிரித்தது.

'குரல் ஒத்துப்போகிறது' என்று ஆய்வாளர் எழுதிக்கொண்டார். பிறகு பெரியவர் வாயில் குறுக்காகப் பிளாஸ்திரியை ஒட்டினார்.

அவளால் பெரியவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. காலையில் திட்டிய திட்டு பலித்து, கண்ணெதிரே நின்றது. பெரியவரோ குழந்தையைப் பார்த்துப் புருவத்தை ஏற்றி இறக்கி விளையாட்டுக் காட்டினார்.

படியிறங்கிய ஆய்வாளர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"ஈரத்துணியைக் குளிர வச்சுக் கடிக்கக் குடுங்கம்மா. எங்க வீட்டுப் பெரியவருக்கும் ஏழாவது மாசத்துல அதுதான் கேட்டுச்சு."